சுகவாசலில் நோயாளிகள் இல்லை

பட்டுக்கோட்டையில், பேராவூரணி போகும் சாலையில் இருந்த சுகவாசல் மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நோயாளிகள் ஒழிக்கப்பட்டார்கள். நோய்கள் ஒழியவில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்களின் இடுப்பெலும்பு எல்லாம் அந்தந்த ஆளோடு அந்தந்தக் கட்டிலில் கிடந்தன. ஆனால் கட்டிலில் கிடப்பவர்களை அன்று முதல் நோயாளி என்றோ பேஷன்ட் என்றோ சொல்லக் கூடாது, விருந்தினர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது.

இதற்குக் காரணம் முதலாளி அமிர்தலிங்கத்தின் இதயம். கொப்பரை வியாபாரத்தில் சம்பாதித்து ஆஸ்பத்திரி கட்டியவர் அவர். தனக்கு நெஞ்சு வலி வந்தபோது அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சிங்கப்பூருக்குப் பறந்தார். அங்கே அவருடைய மார்பைப் பிளந்து சரிசெய்த டாக்டரின் பெயர் அவருக்கு நினைவில்லை. கண் விழித்ததும் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்த பெண்ணின் சிரிப்பு நினைவிருந்தது. தன்னைப் பிழைக்க வைத்தது அந்தச் சிரிப்புதான் என்று ஊர் திரும்பும் விமானத்திலேயே முடிவு கட்டிவிட்டார். மகாபலிபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலை பார்த்த ராம்கி என்ற இளைஞரை அழைத்துவந்தார். விருந்தினர் அனுபவ மேலாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அவருக்குக் குளிரூட்டிய அறையும் கொடுத்தார். அந்த அறையில் அதுவரை ரத்தப் பைகளை வைத்திருந்தார்கள். ரத்தம் வேண்டுமானால் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று.

முதல் கூட்டத்தில் நர்ஸுகளை நிற்க வைத்து ராம்கி பேசினார். நல்ல மனசுக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"இதுவரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஊசி போட்டீங்க, மாத்திரை கொடுத்தீங்க, உயிரைக் காப்பாத்துனீங்க. சரி, அது எல்லா ஆஸ்பத்திரியிலயும் பண்றாங்க. ஆனா வந்தவங்களுக்கு மறுபடியும் இங்க வரணும்னு ஆசை வர்ற மாதிரி ஏதாவது பண்ணீங்களா?"

கூட்டத்தில் நின்ற காத்தாயிக்கு இது விளங்கவில்லை. வந்தவர்கள் மறுபடி வராமல் இருப்பதற்குத்தான் வைத்தியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற இர்ஃபானாவிடம் மெல்லக் கேட்டாள். சிரிக்கச் சொல்கிறார்கள், சிரித்து வை என்றாள் இர்ஃபானா.

காத்தாயியின் அப்பா கோவிந்தராசு பேராவூரணிப் பக்கம் கடைமடையில் குத்தகைக்கு நெல் போடுகிறவர். ஆற்றில் தண்ணீர் வந்தால் விவசாயி, வராத வருஷம் கொத்தனாருக்குக் கையாள். மகளையாவது ஒரு நிலையான வேலையில் உட்கார்த்த வேண்டும் என்று தஞ்சாவூரில் நர்ஸுக்குப் படிக்க வைத்தார். உட்கார்வதற்குத்தான் அந்த வேலையில் நேரமில்லை. கூடப் படித்தவர்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். காத்தாயிக்கும் போக ஆசை. ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோதே அசல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அவளிடமிருந்தே பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பது கேட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இனி அவற்றைத் திருப்பிக் கொடுப்பதும், நன்னடத்தை என்று எழுதிக் கொடுப்பதும் ராம்கியின் கையில் இருந்தது. ராம்கி நட்சத்திரத்தைப் பார்ப்பார்.

நட்சத்திரம் என்பது வீட்டுக்குப் போகும்போது விருந்தினர் நிரப்பிக் கொடுக்கும் அட்டை. ஒவ்வொரு நர்ஸுக்கும் ஐந்து வரை போடலாம். நட்சத்திரம் குறைந்தவர்கள் கண்ணாடி அறைக்குப் போக வேண்டும். மாவுக்கட்டு போடும் அறையைக் காலி செய்து சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அங்கே பேனாவைப் பல்லால் குறுக்கே கடித்தபடி நின்று, உதடு விரியும் விதத்தைப் பழக வேண்டும். இல்லை, கூடாது, முடியாது என்ற மூன்று சொற்களும் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் தடை செய்யப்பட்டன.

காத்தாயி முதல் வாரமே நட்சத்திரத்தை இழந்தாள். மூச்சு திணறிய ஒரு பெரியவருக்கு அவள் ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டில் விருந்தினரின் மச்சான் டிவியில் கிரிக்கெட் வரவில்லை என்று மணி அடித்தார். கொஞ்சம் இருங்க என்றாள். 'கொஞ்சம் இருங்க' என்பது முடியாது என்பதன் மாறுவேடம் என்று விசாரணையில் ராம்கி கண்டுபிடித்தார். ஆக்ஸிஜன் வாங்கிய பெரியவர் அவளுக்கு எதுவுமே போடவில்லை. மூச்சு விடுவதிலேயே குறியாக இருந்த அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று யோசிக்க அவகாசம் இருக்கவில்லை.

நெல் அறுப்பு நேரத்தில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டதென்று மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். வாசலில் அவருக்குச் சந்தனம் வைத்து, குளிர்ந்த துண்டால் முகம் துடைத்து, சின்னக் காகிதக் குடை செருகிய இளநீரைக் கையில் கொடுத்தார்கள். இதுதான் மருந்தா என்று கேட்டுவிட்டு அவர் ஒரே மூச்சில் குடித்தார். காத்தாயி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். வரவேற்புப் பாட்டு முடியட்டும் என்று தடுத்துவிட்டார்கள். கடித்தது தண்ணீர்ப் பாம்பாக இருந்ததால் அவர் பிழைத்தார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெருமை இளநீருக்குப் போனது.

பிறகு அபாய மணியை எடுத்தார்கள். யாருக்காவது இதயம் நின்றால் அடிக்கும் மணி அது. அந்தச் சத்தம் மற்ற விருந்தினர்களின் மன அமைதியைக் கெடுப்பதாகச் சொல்லி அதற்குப் பதில் வீணை இசை வைத்தார்கள். சாப்பாடு வரும் நேரத்திலும் வீணைதான். ஒரு மத்தியானம் வீணை ஒலித்தபோது டாக்டர் குஞ்சிதபாதம் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அது சாப்பாட்டு வீணை அல்ல. அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வேலை எதுவும் மிச்சமில்லை. குஞ்சிதபாதம் ஊரில் மதிப்புள்ள அறுவை சிகிச்சை நிபுணர், கோபக்காரர். அன்று ராம்கியின் அறைக்குப் போய்க் கத்தினார். அவருடைய நட்சத்திரங்கள் ஏற்கனவே மோசமாக இருப்பதை ராம்கி பணிவோடு எடுத்துக் காட்டினார். புற்றுநோய் என்று ஒருவரிடம் சொன்ன பிறகு, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று சொல்ல அவர் மறந்திருந்தார். அதற்குப் பின் டாக்டர் அதிகம் கத்தவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சேக் தாவூது வந்து சேர்ந்தார்.

அதிராம்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். வலது பாதத்தில் செருப்பு ஆணி குத்திய புண். சர்க்கரை உடம்பு என்பதால் ஆறாமல் ஆழமாகப் போயிருந்தது. கூட அவர் மனைவி சஃபியா. மகன் நௌஷாத் துபாயில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தான். வாப்பாவுக்கு இருப்பதிலேயே நல்ல அறையாகக் கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்தே ஏற்பாடு செய்திருந்தான்.

தினமும் காலையில் காத்தாயி அவருக்குப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவாள். வலிக்கும்போது அவர் கத்த மாட்டார், கதை சொல்வார். கடைக்கு வந்து எல்லாப் புடவையையும் பிரித்துப் போட்டுவிட்டுக் கைக்குட்டை வாங்கிக்கொண்டு போனவர்களைப் பற்றிச் சொல்வார். காத்தாயி உண்மையிலேயே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பயிற்சியில் சொன்ன மாதிரி இல்லை, பல் ஒழுங்கில்லாமல் தெரிந்தது. புண்ணும் மெல்லச் சிவந்துவந்தது. கால் தப்பித்துவிடும் என்று குஞ்சிதபாதமே சொன்னார்.

ஒரு நாள் அவர் வட்டிலாப்பம் வேண்டும் என்றார். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து வேகவைக்கும் பலகாரம். எத்தனையோ மாசமாகச் சஃபியா அதை அவர் கண்ணில் காட்டவில்லை. இப்போதும் முடியாது என்றார். உடனே சேக் தாவூது, சமையலறைக்குச் சொல்லி அனுப்பும்படி காத்தாயியிடம் கேட்டார். அவள் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"பாய், காலு வேணுமா, வட்டிலாப்பம் வேணுமா? ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும்."

சஃபியா சிரித்துவிட்டார். மனைவி எதிரில் கேட்க நேர்ந்ததால் சேக் தாவூதுக்கு முகம் கறுத்தது. அன்று சாயங்காலம் மகன் கணினியில் முகம் காட்டிப் பேசியபோது, இங்கே இருக்கிற பெண் என்னை அதட்டுகிறது என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்னதும் அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் அதற்குள் நௌஷாத் ராம்கியை அழைத்திருந்தான்.

நௌஷாத் முரட்டுப் பையன் இல்லை. துபாய்க் கடையில் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே நிற்பதுதான் அவன் வேலை. "நான் இங்க யார் யாருக்கோ சிரிக்கிறேன் சார். அந்தச் சம்பளத்துலதான் வாப்பாவ அங்க சேத்திருக்கேன். அவங்களுக்கு ஒருத்தர் சிரிக்கக் கூடாதா?" என்று கேட்டான். ராம்கியின் கண் கலங்கிவிட்டது. ஹோட்டலில் இருந்த காலத்தில் அவரும் அப்படி நின்றவர்.

மறுநாள் காத்தாயியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"சிஸ்டர், நீங்க சொன்னது சரியா தப்பான்னு நான் சொல்ல வரல. சரியாவே இருக்கட்டும். ஆனா அதைக் கேட்டு அவர் மனசு ஹர்ட் ஆயிருக்கு. கால் ஏற்கனவே ஹர்ட் ஆகிட்டிருக்கு. மனசையும் ஏன் சேத்துப் புண்ணாக்கணும்? கால் டாக்டரோட டிபார்ட்மெண்ட். மனசு நம்ம டிபார்ட்மெண்ட்."

சர்க்கரை ஏறினால் கால் போய்விடும் என்றாள் காத்தாயி. போய்விடும் என்ற சொல்லைத் தவிர்க்கலாம் என்றார் ராம்கி. பிறகு, அவளுடைய சான்றிதழ்கள் இந்த அலமாரியில்தான் இருக்கின்றன என்பதை வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் ஞாபகப்படுத்தினார்.

காத்தாயி கண்ணாடி அறைக்குப் போனாள். பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பேனா கடித்த காத்தாயிகள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கன்னம் வலித்தது. அப்பா கையாளாகப் போன வருஷங்களை நினைத்துக்கொண்டாள். அவரும் இப்படித்தான் எதையாவது கடித்துக்கொண்டு கல் சுமந்திருப்பார் என்று தோன்றியது. அவள் வெளியே வந்தபோது உதடு தானாக விரிந்திருந்தது.

சமையலறையில் வட்டிலாப்பம் தயாரானது. ராம்கியே சஃபியாவிடம் போய், உங்கள் கைமணத்தை எங்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் அம்மா என்று கேட்டார். இதுவரை யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்பதால் சஃபியாவும் மறுக்க முடியாமல் பக்குவம் சொன்னார். உணவில் இனிப்பு கூடாது என்று குஞ்சிதபாதம் எழுதியிருந்தது, விருந்தினர் விரும்பினால் தவிர்க்கலாம் என்று அலுவலகத்தில் திருத்தப்பட்டு அவரிடமே வந்தது. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை காத்தாயிக்கே வந்தது. உறவைச் சீர்செய்ய அதுதான் வழி என்று ராம்கி நினைத்தார். அவள் சின்னக் கிண்ணமாகப் பார்த்து எடுத்துப் போனாள். ஒருநாள் வேண்டுமென்றே தட்டைச் சாய்த்துக் கொட்டினாள். விருந்தினருக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம் என்ற அட்டையோடு சமையலறையிலிருந்து உடனே இரண்டு கிண்ணங்கள் வந்தன. அதற்குப் பிறகு அவள் கொட்டவில்லை. சேக் தாவூது ருசித்துச் சாப்பிட்டார். முதல் நாள் மாதிரி இந்தப் பெண் ஏதாவது சொல்லும் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. அப்படியானால் கால் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

இன்சுலினைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்டச் சர்க்கரையும் கூடியது. சிவந்துவந்த புண் மறுபடி வெளுத்தது, பிறகு கட்டை விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது. காத்தாயி கட்டைப் பிரித்ததும் வந்த வாடையை மறைக்க அறையில் மல்லிகை வாசனை தெளிக்கும் கருவி ஒன்றை மாட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை குஞ்சிதபாதம் சேக் தாவூதின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்.

மயக்கம் தெளிந்தபோது கட்டிலைச் சுற்றிப் பலூன் கட்டியிருந்தது. அமிர்தலிங்கமே பூங்கொத்தோடு வந்து பார்த்தார். முதலாளிக்குப் பிடித்தமான ஆரஞ்சுச் சாறு வந்தது. சஃபியா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பலகாரத்தின் பக்குவத்தைச் சொன்னது தான்தான் என்பதை அவர் அதற்குப் பின் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற நாளில் நட்சத்திர அட்டையைக் காத்தாயி கொண்டுபோய்க் கொடுத்தாள். பராமரித்த நர்ஸே நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. சேக் தாவூது அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மொத நாளு கேட்டப்ப அப்படிச் சொன்னியே. அப்புறம் ஏம்மா ஒரு தடவகூடச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க பாய்."

அவர் கால் இருந்த இடத்தைப் பார்த்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"நான் நௌஷாத்துகிட்டச் சொன்னதாலயா?"

காத்தாயி தலையணையைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை. அவர் புரிந்துகொண்டார். அட்டையைக் காட்டி, இதில் கம்மியாகப் போட்டால் யாரைப் பிடிப்பார்கள், அந்த மேலாளர் தம்பியையா, முதலாளியையா என்று கேட்டார்.

"என்னத்தான் பாய்."

சேக் தாவூது பேனாவை வாங்கி, ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தி அழுத்தி நிரப்பினார். உணவுக்கு ஐந்து, உபசரிப்புக்கு ஐந்து, மறுபடி வருவீர்களா என்பதற்கும் ஐந்து. அவளுக்குத் தன்னால் செய்ய முடிந்தது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. காத்தாயி தடுக்க நினைத்தாள். எந்தச் சொல்லால் தடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அந்த அட்டையைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கூட்ட அறையில் மாட்டினார்கள். அதன் கீழே நின்று அமிர்தலிங்கம் பேசினார். அவர் மேடைப் பேச்சாளர் இல்லை, மனதில் பட்டதைச் சொல்கிறவர்.

"ஒரு மனுஷன் கால் இல்லாம வீட்டுக்குப் போறாரு. போறப்ப நமக்கு முழு நட்சத்திரமும் கொடுத்துட்டுப் போறாரு. ரெண்டு காலோட நடந்து போறவன்லாம் மூணு கொடுக்கறான், நாலு கொடுக்கறான், அதுலயும் குத்தம் எழுதறான். அப்ப நாம எதுல கவனம் வைக்கணும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் யோசித்தார்கள். குஞ்சிதபாதம் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். காத்தாயிக்குப் பட்டுத் துண்டு போட்டு, ஆண்டின் சிறந்த உபசரிப்பாளர் என்று அறிவித்தார்கள். ஏற்கனவே பழக்கமாகியிருந்ததால் அவளும் சிரித்தபடி நின்றாள். கைதட்டல் ஓய்ந்ததும், சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தால் குவைத்துக்கு எழுதிப் போடுவேன் என்று ராம்கியிடம் கேட்டாள். ராம்கி உருகிப்போனார். இப்படிப்பட்ட ஒருவரை இழக்க எந்த நிறுவனத்துக்குத்தான் மனசு வரும் என்றார். மோசமான நர்ஸாக இருந்திருந்தால் அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பியிருப்பார் என்றும், இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்றும் சொல்லி, அவளை வார்டிலிருந்து எடுத்து வாசலில் வரவேற்பில் நிறுத்தினார். ஊசி, கட்டு, ஆக்ஸிஜன் எதுவும் அங்கே கிடையாது. வருகிறவர்களுக்குச் சந்தனம் வைப்பதும் இளநீர் கொடுப்பதும்தான் வேலை. அப்பா கேட்டபோது, பதவி உயர்வு என்று சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார்.

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், ஒரு கார் வாசலில் வந்து நின்றது. சேக் தாவூது இறங்கினார். கையில் ஊன்றுகட்டைகள். இடது காலில் சுண்டு விரலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அந்தக் கட்டு வீட்டில் போட்டது என்பதும், துணியின் ஓரத்தில் கசிந்திருந்த நிறம் என்ன நிறம் என்பதும் காத்தாயிக்குப் பத்தடி தள்ளியே தெரிந்துவிட்டது.

அவள் இளநீரைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். ராம்கி கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னாள்.

"பாய், இங்க வேணாம். இந்தக் காரிலேயே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அங்க திட்டுவாங்க. வாயைக் கட்டலேன்னா எழுந்து போன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றதக் கேட்டா இந்தக் காலு நிக்கும்."

அப்படிச் சொல்லும்போதும் அவள் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை. சேக் தாவூது அந்த முகத்தைப் பார்த்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாளா, நிஜமாகத்தானா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நாங்க வர்றது ஒனக்குப் பிடிக்கலியாம்மா?" என்றார்.

சஃபியா காரிலிருந்து பையை இறக்கிக்கொண்டே, நௌஷாத் துபாயிலிருந்து போன தடவை இருந்த அதே அறையைச் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். தஞ்சாவூரில் கூட்டம் அலைமோதும், தரையில்தான் படுக்கப் போடுவார்கள், முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பிறகு காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கன்னா நீ இருக்கியேம்மா."

அதற்குள் ராம்கி கதவைத் திறந்துகொண்டு இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தார். விருந்தினரை அவர் பெயர் சொல்லியே அழைத்தார். யாரோ சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சேக் தாவூது கட்டைகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். துணி சுற்றிய கால் மிதிபலகையின் மேல் தனியாக இருந்தது.

தள்ளுவதற்கு ஆள் வருவதற்குள் காத்தாயியே பின்னால் போய் நின்றாள். குனிந்து, கால் எங்கும் இடிபடாதபடி பலகையைச் சரிசெய்தாள். பிறகு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.